காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காக்கையின் பாரத்தினாற் பழம் விழுந்ததா, விழும் பருவத்திலே நின்ற பழத்தின்மேற் காக்கை வந்து அமர்ந்ததா என்னும் ஐயத்தைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். வரக்காப்பொலையில் இதனை மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. இங்கே இறப்பரும் பலாவும் உண்டு. பனையைக் காட்ட யாழ்ப்பாணத்துக்கன்றோ செல்லவேண்டும்! ஆயினும், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதிக்குப் பின்னர் எனக்கு அவ்வருத்தம் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி கடந்த வேளையில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தின் மின்மாற்றியிலே குரங்கு ஒன்று பட்டமையே காரணம் என எரிசக்தி அமைச்சர் கூறினார். பல இடங்களில் மின்சாரம் மீளப் பல மணி நேரமாயிற்று. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அவ்வதிர்ச்சியில் நின்றுவிட்டமையால், அடுத்த இரு நாளும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு நடைபெற்றது. அக்காலத்து அனுமன் இலங்கையை எரித்தான். இக்காலத்துக் குரங்கு இலங்கையை இருளாக்கிற்று என்று ஊரெல்லாம் நகைத்தது. யானும் நகைத்தேன்.

நகைத்து முடிந்தபின் சிறிது சிந்திக்கலாம். அன்று விடுமுறையாதலின் நாட்டின் மின்தேவை குறைவு. வெயில் நன்கு எறித்தமையின் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகள் தந்த மின்சாரமோ மிகுதி. நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் சுழலும் பெரும் பொறிகள் தம் நிறையினாலும் வேகத்தினாலும் திடீர் அதிர்ச்சியைச் சிறிது நேரமாவது தாங்க வல்லன. கூரைத் தகடுகளுக்கு அப்பண்பு இயல்பாக இல்லை. ஆகவே ஓரிடத்து அதிர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாகப் பரவி முழு அமைப்பையும் வீழ்த்திற்று. மின்சார சபையாரும் இத்தகைய விளக்கமே பின்னர் அளித்தனர். பழுதுற்ற பகுதியை நொடிப்பொழுதிற் பிரித்து, ஏனைய பகுதிகளைக் காத்தலே பாதுகாப்புப் பொறிகளின் தொழில். ஒரு குரங்கினால் ஓர் ஊர் இருளுமாயின் அது குரங்கின் செயல். ஒரு நாடே இருளுமாயின் பழம் முன்னரே கனிந்திருந்தது என்பதே பொருள்.

இக்குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. 2016ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கென்யா நாட்டின் கிதாரு நீர்மின் நிலையத்திலே குரங்கு ஒன்று மின்மாற்றியின்மேல் விழ, அந்நாடு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருளில் மூழ்கியது. விலங்குகளைத் தடுக்க அந்நிலையத்தைச் சுற்றி மின்வேலியும் இருந்தது. குரங்கு உயிர் தப்பியது என்பதே வியப்பு. அவ்வாண்டு ஏப்ரலில், ஜெனீவா நகரின் அருகே அணுவின் நுண்துகள்களை ஆராயும் மாபெரும் பொறியைக் கீரி போன்ற சிறு விலங்கொன்று மின்மாற்றியிற் புகுந்து நிறுத்தியது. காசியிலே கங்கைக் கரையில் இட்ட இணையக் கம்பிகளைக் குரங்குகள் கடித்துத் தின்றன என்ற செய்தி 2015இல் வெளிவந்தது. ஆதலின் கல்வியும் செல்வமும் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. விலங்கு வரும் என்று எண்ணி முன்னேற்பாடு செய்தோம், செய்யவில்லை என்பதிலேதான் வேற்றுமை உண்டு.

இனி என் அனுபவம் ஒன்று. யான் கற்பிக்கும் தோட்டப் பாடசாலைக்கு இணையம் வருவது ஒரே கம்பியில். அக்கம்பி பலா மரத்தின் கிளையொன்றிற் கட்டப்பட்டுள்ளது. செங்குரங்குகளுக்கு அஃது ஊஞ்சல். ஒருநாள் கம்பி அறுந்தது, முறையிட்டோம், மூன்று நாள் கடந்தன. மூன்றாம் நாள் மாலை, பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், எம் பழைய மாணவி, பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்புவதற்காக ஓடி வந்தாள். “நாளையோடு முடிகிறது, சேர்” என்றாள். லயத்திலே கைத்தொலைபேசிக்கு அலை எட்டாது. அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு பேருந்தேறி நகரத்துக் கடையொன்றை அடைந்தபோது, கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவர் மனமிரங்கிக் கதவை மீண்டும் திறந்தமையால் அவ்விண்ணப்பம் சென்றது. திறவாதிருந்தால் அவளுடைய பதின்மூன்று ஆண்டுக் கல்வி என்னாகியிருக்கும்?

மறுநாள் பழுது நீக்க வந்தவரிடம் காரணம் வினவினேன். “குரங்கு அறுத்தால் நாங்கள் என்ன செய்வது, மாஸ்டர்?” என்று சொல்லிக்கொண்டே, அதே கிளையில், அதே கம்பியை, மீண்டும் கட்டிவிட்டுப் போனார்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் எனக் கேட்டிருக்கிறோம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணல். அதனை நிமிர்த்துவார்தாம் இல்லை.

குரங்குகளை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். தென்னையையும் மரக்கறியையும் இழந்த ஏழையின் துயரம் பொய்யன்று. அதற்குப் பரிகாரம் வேண்டும். 2023இல் ஓரிலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றியும் பேசப்பட்டது. ஆயினும் குரங்கெல்லாம் கப்பலேறினாலும் அணிலும் வௌவாலும் பல்லியும் எறும்பும் இங்கேயே இருக்கும். அவற்றுக்கு எந்நாடு விசா வழங்கும்?

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் பலர். அலுவலகத் தலைமைகளில் அமர்ந்தோரும் பலர். இவ்விழாக் காலத்தில் அவர்களிடம் யான் வேண்டுவது பெரிதன்று. மழைக்காலத்துக்கு முன் கம்பியோரக் கிளைகளை வெட்டுவியுங்கள். மரத்திற் கட்டாது கம்பத்திற் கட்டுவியுங்கள். திறந்த மின்முனைகளுக்குக் காப்புறை இடுவியுங்கள். ஒரே கம்பியை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கு இரண்டாவது வழியொன்றையும் அமைத்துத் தாருங்கள். பழுது நேர்ந்தால், எந்த விலங்கு செய்தது என்று கேட்டு நில்லாது, எந்தக் குறையினாற் பரவியது என்றும் கேளுங்கள்.

காக்கை இனியும் வந்து உட்காரும். அஃது அதன் இயல்பு. பழம் யார் தலையில் விழும் என்பதே நம் கவலை. மலைச்சரிவின் கடைசி லயத்துப் பிள்ளையின் தலையில் அது விழாதிருக்க ஆவன செய்வோமாக. கல்லூரி வாழ்க!