பாம்புக்கடியும் வேலை விபத்துத்தான்



பங்குனி வெயில் இம்முறை மாசியிலேயே வந்துவிட்டது. குருக்கள்மடம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் பத்து மணிக்குப் பிறகு மணலில் கால் வைக்க முடியவில்லை. அதனால் தேங்காய் பொறுக்குகிறவர்களும் மட்டை உரிக்கிறவர்களும் விடியுமுன் இறங்கி, மிச்ச வேலையைப் பொழுதுபட்ட பிறகு முடிக்கிறார்கள். பாம்பும் அதே கணக்கைத்தான் போடுகிறது. தன் உடல் சூட்டைத் தானே தணிக்க முடியாத உயிர் அது. பகலில் ஓலைக் குவியலிலும் பொச்சுமட்டைக்கு அடியிலும் ஒதுங்கி, இருட்டும்போது வெளியே வரும். நாமும் அந்நேரம் அந்தக் குவியலில்தான் கை வைக்கிறோம்.

புடையனும் சுருட்டை விரியனும் சருகோடு சருகாகக் கிடக்கும். கட்டுவிரியன் வேறு விதம். புழுக்கத்துக்குத் தரையில் பாய் போட்டுப் படுப்பவரை இரவில் கடிக்கும். பல வேளை வலியும் இராது, வீக்கமும் இராது. வயிறு நோகும், கண்மடல் தொங்கும், பிறகு மூச்சு முட்டும். "நுளம்பு கடிச்சிருக்கும்" என்று திரும்பிப் படுக்காதீர்கள். நாகதம்பிரானுக்குப் பால் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

இலங்கையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 80,000 பேர் பாம்பு கடிபடுகிறார்கள், 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று 2012-13இல் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு சொன்னது. நம் தோட்டங்களிலோ இது "சொந்தக் கவனயீனம்". எத்தனை தரம் கேட்டுவிட்டோம் இந்த வார்த்தையை! 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் நிமித்தம் வேலைநேரத்தில் நேரும் விபத்துக்கு நட்டஈடு தரச் சொல்கிறது. டோர்ச் கொடுக்காமல் இருட்டில் மட்டைக் குவியலுக்கு அனுப்பியது யார்? முழங்கால் வரை வரும் சப்பாத்து, டோர்ச், குவியலைக் கிளற நீண்ட தடி, இவற்றின் செலவு தோட்டத்துடையது. சம்பளத்தில் வெட்டக்கூடாது.

இன்னொன்று, வாகனம். குருக்கள்மடத்துக்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை கிட்டத்தான். அம்பிளாந்துறைப் பாதையில் வேலைக்கு வந்து போகும் படுவான்கரைத் தொழிலாளி, பாதை ஓடாத நேரத்தில் கடிபட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரவேண்டும். தோட்டத்து லொறி சும்மா நிற்கும்; திறப்பு யாரிடம் என்று இரவில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் லயத்துச் சுவரில் எழுதிப்போடச் சொல்லிக் கேட்போம்.

கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் தோட்டத்தில் கடிபட்டவர்களின் விபரத்தை, திகதி, நேரம், செய்துகொண்டிருந்த வேலை, இழந்த நாட்சம்பளம் எல்லாம் எழுதி, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதச் சிரமம் என்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதுவார்கள். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.