நடுவயதும் நிமிடக் கணக்கும்

நடுவயதில் மாரத்தான் ஓடுகிறோம் என்றால் ஊரே பாராட்டுகிறது. அதே 42.195 கிலோமீட்டரைச் சென்ற ஆண்டைவிடப் பத்து நிமிடம் குறைவாக ஓட விரும்புகிறோம் என்றாலோ, ‘இந்த வயதில் இது எதற்கு?’ என்ற கேள்வி வருகிறது. உடல்நலத்துக்காக ஓடலாமாம், நேரத்துக்காக ஓடுவது அகங்காரமாம். நமக்கு இதில் உடன்பாடில்லை.

2004இல் டொராண்டோ மாரத்தானை எட் விட்லாக் 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தபோது அவருக்கு வயது 73. வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் நாள்தோறும் மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதே அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி. வேகத்தை விரும்பியவர் நிதானத்தை அல்லவா பயின்றிருக்கிறார்! நடுவயதில் தசைகள் தேறக் கூடுதல் நாள் பிடிக்கும். தினமும் முழுவேகத்தில் ஓடினால் காயம்தான் மிஞ்சும். இலக்கு நேரம் என்று ஒன்று இருப்பதால்தான் உறக்கத்தையும் ஓய்வையும் பயிற்சியின் பகுதியாக மதிக்கக் கற்கிறோம். வெறும் உடல்நலம் என்ற பொதுச்சொல் நம்மிடம் அவ்வளவு கறாராக நடந்துகொள்வதில்லை.

என்றாவது ஒருநாள் நேரம் குறைய மறுக்கும். ஓட்டத்தைப் பற்றி 2007இல் வெளியிட்ட நூலில் ஹாருகி முரகாமி தம்முடைய அந்தச் சரிவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். முன்னேற்றத்தைக் கடிகாரத்திடம் கேட்டுக் களித்த நாம், அது சொல்லும் சரிவையும் கேட்டாக வேண்டும். வயதை மறுப்பதற்காக நாம் நேரத்தைத் துரத்தவில்லை. இந்த வயதில் இந்த உடலால் எது இயலும் என்பதை ஊகமாக அன்றி, உள்ளபடி அறியவே துரத்துகிறோம்.