ஏரி ஒன்று, அமைச்சர் எத்தனை?

திருவாலங்காடு விவசாயிக்கு ஏரித் தண்ணீர் என்றால் நீர்வளத்துறை, வண்டல் என்றால் கனிமவளத்துறை, வரத்துக்கால்வாய்ப் புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்தால் ஏரியே ஊராட்சி ஒன்றியத்துக்கு! நீர்வளம், கனிமம் இரண்டையும் கவனித்த துரைமுருகனிடமிருந்து 2025 மே மாதம் கனிமம் ரகுபதிக்குப் போனது. ஏறி இறங்க இன்னொரு வாசல்.

வண்டலில் மட்டும் அலைச்சல் குறைந்திருக்கிறது. 2024 முதல் ஆட்சியர் வரை போகாமல், இணையவழியில் விண்ணப்பித்துத் தாசில்தார் அனுமதியுடன் இலவசமாக அள்ளலாம். நன்செய் ஏக்கருக்கு 75, புன்செய்க்கு 90 கன மீட்டர். கரும்புக்காரர்கள் ஏரி காய்ந்திருக்கும்போதே அடித்துவிடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்கும்.

கால்வாய் ஆக்கிரமிப்புப் புகாருக்கும் இதேபோல் ஒரே இடம் வேண்டும். அதை அமைச்சர்கள்தான் கூடிப் பேசி முடிக்க வேண்டும். கால்வாய் அடைபட்டுக் கிடந்தால், கொசஸ்தலையில் வெள்ளமே போனாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது.