சாவுக்கும் ஆண் கையெழுத்தா?

ஆலத்தியூரில் ஒரு கிழவி படுக்கையில் விழுந்தால் முதலில் கூடுவது மகன்கள்தான். எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு ஆகும், மக்காச்சோளம் விற்ற காசில் மிச்சமென்ன, எந்தக் காட்டை அடகு வைப்பது? திண்ணையில் கணக்கு ஓடுகிறது. கொல்லையில் மருமகள் பீத்துணி அலசுகிறாள். கிழவியை யாரும் எதுவும் கேட்பதில்லை. "அதுக்கு என்னா தெரியும்?"

மீள முடியாத நிலை வந்தால் செயற்கை சுவாசம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றிருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பத்திர ஆபீசுக்கு ஒரே ஒருமுறை, தம்பிக்கு விடுதலைப் பத்திரம் (என்ன பெயர் பாருங்கள்!) எழுதிக்கொடுக்கப் போய் விரல் உருட்டியவளிடம், உன் உடம்பைப் பற்றி நீயே எழுது என்று யார் சொல்வது?

'விருப்பம்' என்ற சொல்லிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. "புள்ளைங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்பது விருப்பமா? காலமெல்லாம் கடைசியாகச் சாப்பிட்டவளின் பழக்கம் அது. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகையில் வாழ்கிறவள் வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் அது உரிமையா, வறுமையா? தென்மாவட்டத்துத் தலைக்கூத்தலைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். காசு தீர்ந்ததும் 'சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக்கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு நம்மிடம் பெயர்கூட இல்லை. அந்தத் தாளிலும் மகனோ மருமகனோதான் கையெழுத்திடுகிறான்.

மும்பையில் அருணா ஷான்பாக்கை 1973 முதல் 2015 வரை செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர் சார்பில் முடிவு சொல்லும் தகுதி, பராமரித்த அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது 2011 தீர்ப்பு. புண் துடைத்து மருந்து போடும் நம் வீட்டு மருமகளுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தோமா? கூலியும் இல்லை, குரலும் இல்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வலி தணிக்கும் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதில் வாசல் வாசலாக நடப்பவர்களும் பெண்களே, ஊக்கத்தொகைக்கு. பார்த்துக்கொள்கிறவளுக்குச் சம்பளம் கொடுங்கள். வலிக்கு மார்ஃபின் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கட்டும். அதற்குப் பிறகு, மகன்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் கேளுங்கள்.

நான் என் அம்மாவிடம் கேட்டேன். "கடைசியில உனக்கு எப்படிம்மா இருக்கணும்?" வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்திருந்தாள்.

"துணி மாத்துறப்ப கதவச் சாத்தச் சொல்லு."