"பூசினாப்ல இருக்கே!"



கல்யாண வீடுகளில் "பூசினாப்ல இருக்கே, நல்லா இருக்கு" என்கிறோம். பஞ்சம் பார்த்த தலைமுறையின் பாராட்டு அது. இன்றைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர்; 2019-21இல் 40 பேர். ஆண்கள் 28இலிருந்து 37. உயரம் 155 செ.மீ. என்றால், 60 கிலோவைத் தாண்டினாலே இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவோம். அதே கணக்கெடுப்பில் 100க்கு 13 பெண்கள் எடை குறைந்தும் இருக்கிறார்கள்.

"வாயைக் கட்டு" என்று பெண்களைத் திட்டிப் பயனில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் போனது நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்கு நடை வரவில்லையே! மிச்சம் வீணாகக் கூடாதென்று சாப்பிட்டுத் தீர்ப்பவர்களும் அவர்கள்தான்; நடக்க நேரம் கிடைக்காதவர்களும் அவர்கள்தான்.

ஆகவே தம்பிகளே, மருமகன்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தினமும் மாலை அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நடந்துவிட்டு வரட்டும். காலையில் நீங்களும் நடங்கள். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயும் பயறும் கூட்டுங்கள்.

யார் யார் செய்தீர்கள் என்று கேட்பேன்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்