வேட்டைக்காரர் பணத்தில் வனக் காவல்: ஆப்பிரிக்கா எழுப்பும் கேள்வி

புது தில்லி: துப்பாக்கியுடன் வருபவர் கொடுக்கும் பணத்தில் காட்டைக் காக்க முடியுமா? 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்த இந்தியாவுக்கு இக்கேள்வியே முரணாகத் தோன்றலாம். ஆனால் தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் பல, "முடியும்' என்றே பதிலளிக்கின்றன. அந்நாடுகளிலிருந்து சிவிங்கிப்புலிகளைப் பெற்றுள்ள இந்தியா, இந்த விவாதத்திலிருந்து இனி ஒதுங்கி நிற்க இயலாது.

பணம் செல்லும் வழி: சஹாராவுக்குத் தெற்கே சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் வேட்டைக்காக ஒதுக்கப்பட்டிருந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இது அப்பகுதியின் தேசியப் பூங்காக்களின் மொத்தப் பரப்பைவிட அதிகம். இந்நிலங்களை அரசிடமோ கிராம அமைப்புகளிடமோ குத்தகைக்கு எடுக்கும் வேட்டைப் பயண நிறுவனங்கள், அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வரும் செல்வந்தர்களை அழைத்துச் செல்கின்றன. அவர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி காவலர்களின் ஊதியமாகவும், ரோந்து வாகனங்களுக்கான எரிபொருளாகவும், காட்டுப் பாதைகளாகவும் மாறுகிறது. கள்ள வேட்டைக்காரர்கள் வைத்த கம்பிக் கண்ணிகளை அகற்றுவது இக்காவலர்களின் அன்றாடப் பணி.

மொசாம்பிக்கில் 1992-ல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தபோது, ஜாம்பெசி ஆற்றுக் கழிமுகத்தில் காட்டெருமைகள் பெருமளவில் அழிந்துபோயிருந்தன. அங்கு குத்தகை பெற்ற வேட்டை நிறுவனம் கள்ள வேட்டைத் தடுப்புப் படையை அமைத்தது. வேட்டையாடப்படும் விலங்கின் இறைச்சியைக் கிராமத்தினருக்குப் பகிர்ந்தளித்தது. எருமை மந்தைகள் மீண்டும் பெருகின. இரை பெருகிய அந்நிலத்துக்கு 2018-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 24 சிங்கங்கள் கொண்டுவரப்பட்டன.

நமீபியாவின் வழி: நமீபியா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 1996-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கிராம மக்கள் தங்களுக்கென வனக் காப்பு அமைப்புகளை நிறுவி, சுற்றுலா, வேட்டை வருமானத்தைத் தாமே பெறலாம். 1998-ல் நான்கு அமைப்புகளுடன் தொடங்கிய இத்திட்டம், இன்று 86 அமைப்புகளாக வளர்ந்து நாட்டின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத் தழுவியுள்ளது. வேட்டை வருமானம் நின்றுபோனால் இவற்றில் பெரும்பாலானவற்றால் நிர்வாகச் செலவையே ஈடுகட்ட இயலாது என்று 2016-ல் வெளியான ஆய்வு எச்சரித்தது. பயிரை மிதிக்கும் யானை தனக்கு வருமானமும் தரும் என்றால், கள்ள வேட்டைக்காரனுக்கு வழிகாட்ட விவசாயி முன்வர மாட்டான். இத்திட்டத்தின் அடிப்படையே இதுதான்.

மறுபக்கம்: ஆயினும், வேட்டை நிறுவனங்கள் கூறுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. தான்சானியாவின் செலூஸ் வனக் காப்பகத்தின் பெரும்பகுதி வேட்டைக்கே குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. 1970-களில் அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன. 2013-ல் எஞ்சியவை சுமார் 13,000. தந்தக் கொள்ளையரை வேட்டை நிறுவனங்களின் பணம் தடுத்துவிடவில்லை. நிர்வாகம் சீர்கெட்ட இடத்தில், வேட்டை வருமானமும் சேர்ந்தே வீணாகிறது. அந்த வருமானத்தில் சுமார் 3 சதவீதமே கிராமங்களைச் சென்றடைகிறது என 2013-ல் வெளியான ஓர் அறிக்கை குற்றம்சாட்டியது.

தடை விதித்தால் மட்டும் போதுமா? கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. ஆனால் அந்த ஆண்டுக்கும் 2016-க்கும் இடையே அந்நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் வன விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். மக்கள்தொகையும் கால்நடைகளும் பெருகியதும், கள்ள வேட்டை தொடர்ந்ததும் இதற்குக் காரணங்கள். தடை ஒன்றே விலங்குகளைக் காத்துவிடாது என்பதைக் கென்யாவும், வேட்டை ஒன்றே காத்துவிடாது என்பதைத் தான்சானியாவும் காட்டுகின்றன.

மேலை நாடுகளின் அழுத்தம்: 2015-ல் ஜிம்பாப்வேயில் "சிசில்' என்ற சிங்கம் அமெரிக்கர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு, வேட்டை நினைவுப் பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கக் கோரும் குரல் மேலை நாடுகளில் வலுத்தது. ஆப்பிரிக்கத் தலைவர்கள் இதை ஆதிக்க மனப்பான்மையாகக் கருதுகின்றனர். 2014-ல் வேட்டைக்குத் தடை விதித்து 2019-ல் விலக்கிக்கொண்ட போட்ஸ்வானாவில் சுமார் 1.30 லட்சம் யானைகள் உள்ளன. ஜெர்மனி கட்டுப்பாடுகளைக் கடுமையாக்க முற்பட்டபோது, "20,000 யானைகளை உங்களுக்கே அனுப்பிவைக்கிறோம்' என்று 2024-ல் அப்போதைய அதிபர் மசிசி கூறியது வெறும் கேலியல்ல. யானையோடு வாழும் சுமையை யார் சுமப்பது என்பதே அதன் உட்பொருள்.

தில்லி என்ன செய்யப்போகிறது?: 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12-ம் குனோ பூங்காவுக்கு வந்தன. இடையில் 2022 நவம்பரில், பனாமாவில் நடைபெற்ற "சைட்டீஸ்' மாநாட்டில், நான்கு தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தந்த விற்பனையை மீண்டும் அனுமதிக்கக் கோரிய தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. தந்த வர்த்தகத்தைத் தொடர்ந்து எதிர்த்துவந்த இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. தீர்மானம் தோற்றது, ஆனால் சிவிங்கிப்புலிகளுக்கு இது விலையா என்ற கேள்வி இங்கு எழுந்தது.

மௌனம் கொள்கையாகாது. உயிருள்ள விலங்கை வேட்டையாட அனுமதிப்பதும், தந்தச் சந்தையைத் திறந்துவிடுவதும் வேறு வேறு. சந்தை திறந்தால் இந்திய யானைகளுக்கும் ஆபத்து உண்டு. அதை வெளிப்படையாக எதிர்க்க இந்தியாவுக்கு உரிமையும் கடமையும் உள்ளன. அதேசமயம், நமீபியக் கிராமங்கள் தம் நிலத்தில் எதைச் செய்வது என்பதில் உபதேசம் செய்வதைத் தவிர்க்கலாம்.

இந்தியா வேட்டையை மீண்டும் அனுமதிக்கத் தேவையில்லை. ஆனால் 2016-ல் பிகாரில் நீலான்களைச் சுட்டுக் கொன்றபோது மத்திய அமைச்சர்களே பகிரங்கமாக மோதிக்கொண்டதை மறந்துவிட முடியாது. பயிர் அழியும்போது விவசாயிக்கு உரிய காலத்தில் இழப்பீடும், வனச் சுற்றுலா வருமானத்தில் கிராமத்துக்குப் பங்கும் கிடைக்காவிடில், அவன் விலங்குகளின் பக்கம் நிற்க மாட்டான். காட்டின் ஓரத்தில் வாழ்பவனைப் பங்காளியாக்க நமீபியா தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொண்டது. துப்பாக்கி இல்லாத வழியைத் தேர்ந்தெடுத்த இந்தியா, அதற்கான செலவை விவசாயியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.