அப்பாவின் பாட்டு யாருக்குச் சொந்தம்?

சகோதரிகளே, சென்ற இதழில் வற்றல், வடாம் என்று எல்லாவற்றையும் வெயிலில் காய வைத்தோம். இந்த இதழில், காய விடக் கூடாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வீட்டுப் பெரியவர்கள் விட்டுப் போன பாட்டுதான் அது.

ஜமைக்கா என்று ஒரு சின்னத் தீவு. கிரிக்கெட் பார்க்கிற வீடுகளில் பெயர் தெரிந்திருக்கும். அங்கே 1960-களின் கடைசியில் 'ரெகே' என்று ஒரு சங்கீதம் பிறந்தது. தாளத்தில் அடி விழும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் விழாது. கொஞ்சம் தள்ளி, இடைவெளியில் வந்து விழும். நமக்கு அதீதம், அனாகதம் என்று எடுப்பு பழக்கம் உண்டு என்பதால், கேட்டால் ஒன்றும் அன்னியமாக இருக்காது. அதை உலகம் முழுக்கக் கொண்டு போனவர் பாப் மார்லி. 1981 மே மாதம் புற்றுநோயில் போய்விட்டார். வயது 36தான். மூத்த மகன் ஜிக்கிக்கு அப்போது 12 வயது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அப்பாவின் பாட்டுகளை மேடையில் பாடினார்கள். 1999-ல் ஸ்டீபன் என்ற மகன், ஒலிநாடாவில் இருந்த அப்பாவின் குரலோடு புதிய பாடகர்களைச் சேர்த்துப் பாட வைத்து ஒரு ஆல்பமே தயாரித்தார்.

அமெரிக்காவில் நாட் கிங் கோல் என்ற பாடகர் 1965-ல் காலமானார். மகள் நடாலிக்கு அப்போது 15 வயது. அவரும் பாடகியானார். ஆனாலும் அப்பாவின் பாட்டுகளை ஒரு தொகுப்பாகப் பாடிக் கொடுத்தது 1991-ல்தான். அதில் ஒரு பாட்டில் அப்பாவின் பழைய குரலும் மகளின் புதுக்குரலும் சேர்ந்து ஒலிக்கும். நடுவில் 26 வருஷம் ஓடியிருக்கிறது பாருங்கள்! அந்தத் தொகுப்புக்குப் பரிசுகள் குவிந்தன.

"அதெல்லாம் வெள்ளைக்காரா தேசத்துக் கதை, நமக்கென்ன?" என்று கேட்க வேண்டாம். நம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. பாபநாசம் சிவன் 1890-ல் தஞ்சை ஜில்லா போலகத்தில் பிறந்து, 1973 வரை இருந்தவர். மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு போவார். சினிமாவுக்கும் எழுதினார், 'அசோக் குமார்', 'ஹரிதாஸ்' படங்களில் பாகவதர் பாடியதெல்லாம் இவர் எழுதியதுதானே! அத்தனை பாட்டும் அவரோடு போய்விடாமல் காப்பாற்றியதில் மகள் ருக்மிணி ரமணிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பாவின் கீர்த்தனைகளைப் பாடினார், பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார், புத்தகமாகவும் கொண்டு வந்தார். பேரன் அசோக் ரமணியும் அதே வழியில் வந்த பாடகர்.

சீர்காழி கோவிந்தராஜனின் மகன் சிவசிதம்பரத்தையும் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் படித்தவர். 1988-ல் அப்பா மறைந்த பிறகும், அந்த வெண்கலக் குரலில் கேட்டுப் பழகிய பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடி வந்திருக்கிறார்.

இந்த இரண்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சீர்காழி வீட்டில் பிள்ளைக்கு வந்தது குரலும் பாணியும். அதனால் ஜனங்கள் அப்பாவைத் தேடிக்கொண்டேதான் கேட்பார்கள். சிவன் வீட்டில் வந்தது சாகித்யம். அதை யார் பாடினாலும் அது சிவன் பாட்டுதான். 'ராமதாசன்' என்கிற அவர் முத்திரை பல பாட்டுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவற்றைப் பாடுகிறவர் யாரானாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது!

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மேற்கு மாம்பலத்தில், எங்கள் குடியிருப்பிலேயே ஒரு மாமி இருக்கிறார். வயது 62. அவர் தகப்பனார் பஜனை பாகவதர். பெரிய சபா எதிலும் பாடியவர் இல்லை. ஆனால் நாற்பது பாட்டுக்கு மேல் தானே கட்டியிருக்கிறார். மிச்சம் இருப்பது ஒரு நீள நோட்டும் இரண்டு காஸெட்டும். பேரன், "பாட்டி, நீ பாடு, நான் போன்லயே பதிவு பண்றேன்" என்கிறான். பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா பாடினா அப்பா மாதிரி வராது. நோட்டு என்கிட்டயே இருக்கட்டும்" என்கிறாராம்.

மாமி என்னைக் கேட்டார்: "நான் பாடினா அப்பாவுக்கு கௌரவமா, குறைச்சலா? நீங்களே சொல்லுங்கோ."

"மாமி, காஸெட் ரெண்டுலயும் சேர்த்து எத்தனை பாட்டு?"

"பதினொண்ணு."

"மிச்சம்?"

மாமி பதில் சொல்லாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல! நோட்டில் சாகித்யம் இருக்கிறது. ராகமும் தாளமும்கூடத் தலைப்பில் எழுதியிருக்கும். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே சங்கதி என்பது நோட்டில் இல்லை. அது மாமியிடம்தான் இருக்கிறது. அப்பா மாதிரி வராமல் போகலாம். பாடாமல் விட்டால் எந்த மாதிரியும் வராதே!

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டு எழுதினவர் காலமான பிறகு 60 வருஷம் வரை அதற்குப் பதிப்புரிமை உண்டு. நகை, நிலம் மாதிரி அதுவும் ஒரு சொத்துதான். உயில் எழுதாமல் போன தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. ஆகவே தம்பியிடம் நோட்டு இருப்பதால் பாட்டு தம்பிக்கு மட்டும் ஆகிவிடாது. அக்காவுக்கும் அது மட்டும் என்று ஆகாது. பாடியதை வெளியிடுவதாக இருந்தால், கூடப்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொள்வது நல்லது. வீட்டில் கேட்பதற்காகப் பதிவு செய்து வைப்பதில் யாருக்கும் வருத்தம் வர நியாயம் இல்லை.

இனி, பாட உட்காருவோருக்குச் சில யோசனைகள்.

அப்பா ஒன்றரைக் கட்டையில் பாடினார் என்று நாமும் அங்கே போய் முட்டிக்கொள்ளக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்குக் குரல் கொஞ்சம் கனத்து இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடினவர் நாலரைக்கு வந்தால் அது தோல்வி இல்லை, உடம்பின் இயற்கை. எந்தச் சுருதியில் மேல் ஸ்தாயி பஞ்சமம் வலியில்லாமல் வருகிறதோ, அதுவே உங்கள் சுருதி. பாடுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சாப்பிட்ட கையோடு பாட வேண்டாம். தொண்டை கட்டியிருந்தால் கிசுகிசுவென்று பேசுவதும் சிரமம்தான், பேசாமலே இருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் விடவில்லை என்றால், கஷாயத்தோடு நிற்காமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதிவுக்கு ஸ்டூடியோ வேண்டாம். படுக்கையறை போதும். மெத்தை, தலையணை இருக்கிற அறையில் எதிரொலி குறையும். புடவை அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்துங்கள். போனை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, துணி மேல் வையுங்கள். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் இருப்பவர்கள் ரயில் போகிற நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டு தொடங்குமுன் பாடுகிறவர் பெயர், இயற்றியவர் பெயர், ராகம், தாளம், தேதி எல்லாவற்றையும் வாயால் சொல்லுங்கள். பிற்பாடு கேட்கிற குழந்தைக்கு அதுதான் விலாசம்.

பழைய காஸெட்டில் வெள்ளையாகப் பூஞ்சைக் காளான் தெரிந்தால், ஆசையில் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். நாடா அறுந்துவிடலாம், பெட்டியும் கெட்டுவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்குமே! அதனால் மூன்று பிரதி வேண்டும். உங்களிடம் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. தம்பியிடம் ஒரு பிரதி கொடுத்துப் பாருங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

"இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இளையராஜாவின் மகள் பவதாரிணி, 2000-ல் வந்த 'பாரதி' படத்தில் அப்பாவின் இசையில் பாடி தேசிய விருது வாங்கியவர். 2024 ஜனவரியில், 47 வயதில், அப்பா இருக்கும்போதே போய்விட்டார். எந்தக் குரல் முதலில் அடங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அப்பாவின் பாட்டை மகள் பாடி வைத்தால், அது பேரக் குழந்தைகளுக்கு மட்டும் இல்லை. சில வீடுகளில் அந்த அப்பாவுக்கே மிஞ்சுகிற செல்வம் அதுதான்.

ஆகவே அப்பா, அம்மா இருக்கிற வீடானால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்த்திப் பாடச் சொல்லுங்கள். தாலாட்டோ, நலங்குப் பாட்டோ, ஆரத்திப் பாட்டோ, எதுவானாலும் சரி. அவர்கள் இல்லாத வீடானால், நினைவில் இருப்பதை நீங்கள் பாடுங்கள். ஒரு வரி மறந்து போனால் அங்கே நிறுத்தி, "இந்த இடம் எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு மேலே பாடுங்கள். அந்த வரி அத்தைக்கோ சித்திக்கோ தெரிந்திருக்கும்.